உமாவிடம் இரண்டு முறை கேட்க வேண்டும்

இன்று காலை விரலில் ஊதா மை ஒட்டிக்கொண்டது. டிரஸ்டின் விவரங்களைப் புதுப்பித்துத் தரும்படி வங்கியில் கேட்டிருந்தார்கள். பான் கார்டு நகல், பத்திர நகல், என் ஆதார் நகல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினேன். ‘அறங்காவலர்’ என்று இருக்கும் அந்தச் சின்ன ஸ்டாம்ப். மைப்பெட்டியைத் திறந்ததும் எழுந்த வாசம் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கையில் இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. சாயங்காலம் ஊதா விரலோடு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கையில் உன் நினைவு வந்தது. கத்தியை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கோர்ட்டு ரோட்டுக் கடையொன்றில் நீதான் அந்த ஸ்டாம்புகளைச் செய்யக் கொடுத்தாய். உனக்கொன்று, எனக்கொன்று, உன் தம்பி ஆறுமுகத்துக்கு ஒன்று. வாங்கி வந்த அன்று உன் மகள் உமா மூன்றையும் எடுத்து, செய்தித்தாள் ஓரம், கேஸ் புத்தகத்தின் அட்டை, தன் முழங்கை என்று கண்ட இடத்திலெல்லாம் குத்தினாள். நான் தடுக்கப் போனேன். “குத்தட்டும் ட்டி, அவளுக்க டிரஸ்ட்தானே,” என்றாய்.

நாகர்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த காலத்திலிருந்து நமக்குள் பழக்கம். என் டிபன் பாக்ஸில் மீன் இருக்கும் நாளில் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் புளிக்கறியைச் சாப்பிடுவாய். உமா பிறந்தபோது டாக்டர் சொன்னதை, உன் வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொன்னாய். டவுன் சிண்ட்ரோம் என்ற சொல்லை அன்றுதான் நான் கேள்விப்பட்டேன். அழுதது நான். நீ குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உமா மெதுவாக நடந்தாள், மெதுவாகப் பேசினாள், ஆனால் பேசத் தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை. பஸ் கண்டக்டராக இருந்த உன் வீட்டுக்காரர் ஒரு நாள் டிப்போவில் சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு தோவாளைக்குப் பக்கத்தில் அந்த வீட்டில் நீயும் அவளும்தான். வீட்டுக்குப் பின்னால் பிச்சிப்பூத் தோட்டம். நீ ஓய்வு பெற்ற பிறகு விடியற்காலையில் நீயும் உமாவும் பக்கத்து வீட்டுத் தங்கமும் மொட்டுப் பறித்து, பூச்சந்தைக்கு அனுப்பிவிட்டுத்தான் காப்பி குடிப்பீர்கள். முப்பது வயதைத் தாண்டிய உமாவுக்கு உலகத்திலேயே பெரிய வேலை அது. மொட்டைக் காம்பு நசுங்காமல் கிள்ளுவதில் அவளுக்கு இருந்த பொறுமை நமக்கு இல்லை.

மார்பில் வந்து போன நோய் திரும்பி வந்துவிட்டது என்பதை நீ பஸ்ஸில் சொன்னாய். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். கண்டக்டர் சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் போன பிறகு, வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே பேசினாய். “எனக்கு வீடு உண்டு, பென்ஷன் உண்டு, தோட்டம் உண்டு. உமாவுக்கு இது ஒண்ணும் கிடையாது மெர்சி. அவளுக்கு நான்தான் உண்டு.” உன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு ஒரு வழி சொன்னார்கள். சொத்தைத் தம்பி பேருக்கு எழுதிவிடு, அவன் பார்த்துக்கொள்வான் என்றார்கள் உன் சொந்தக்காரர்கள். எல்லாவற்றையும் விற்று ஒரு நல்ல இல்லத்தில் சேர்த்துவிடு என்றது என் சர்ச் சபையில் ஒருவர். அதையும் பார்த்துவிடுவோம் என்று மார்த்தாண்டம் பக்கம் ஒரு இல்லத்துக்கு மூன்று பேருமாகப் போனோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது, அன்பாகப் பேசினார்கள், உமாவுக்குப் பழம் வெட்டிக் கொடுத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். இங்கே இருக்கிறாயா என்று அந்தப் பொறுப்பாளர் அம்மா கேட்டதற்கு, “இருக்கேன்” என்று தலையாட்டினாள். வாசலுக்கு வந்ததும் என் சேலையைப் பிடித்து இழுத்து, “சித்தி, நம்ம பஸ்ஸு எப்பம் வரும்?” என்றாள். நீ அதைக் கேட்டுவிட்டாய்.

அடுத்த வாரம் நாம் போய்ப் பார்த்த வக்கீல் அம்மா உனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், அவர் அவசரப்படுத்தவில்லை என்பதுதான். உயில் என்பது நீ போன பிறகு பேசுகிற காகிதம் என்றார். அது பேசும்போது சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க நீ இருக்கமாட்டாய். டிரஸ்ட் அப்படி இல்லை. நீ உயிரோடு இருக்கும்போதே வீட்டையும் தோட்டத்தையும் அதன் பெயருக்கு மாற்றிவிடலாம். அதை நடத்துகிறவர்கள் அறங்காவலர்கள். பலன் முழுக்க உமாவுக்கு. நடத்துகிறவர் கையில் எல்லாம் இருக்கும், ஆனால் அதில் ஒரு துரும்பும் அவருடையது ஆகாது. நீயும் அதில் ஒரு அறங்காவலராக இருந்துகொள்ளலாம். உமாவுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும் என்பதற்குக் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க வேண்டும், உன் பென்ஷனில் குடும்பப் பங்கு பிற்பாடு அவளுக்கு வர இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நீ நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். “அப்போ நான் இருக்கும்போதே அது நடக்கத லெச்சணத்தப் பாக்கலாமா?”

பார்க்கலாம் என்றார். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

ஆறுமுகம் வந்து சண்டை போட்டது அதற்கப்புறம். துபாயிலிருந்து திரும்பி வந்து டைல்ஸ் கடை போட்டிருந்த நேரம். கெட்டவன் இல்லை அவன். உமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுசீந்திரம் தேர் காட்டியவன். அவனுக்கு மனசு புண்பட்டுவிட்டது. என்னை வைத்துக்கொண்டே கேட்டான்: “சொந்தத் தம்பி நான் இருக்கும்போ வெளியாளு எதுக்குக்கா? ஊர்ல என்ன பேசுகான் தெரியுமா? சொத்தக் கொண்டு வேதக்காரி கையில குடுத்துட்டாண்ணு பேசுகான்.” என் முகம் சிவந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. நீ அவனுக்குக் காப்பியை ஆற்றிக் கொடுத்தாய்.

“ஒன்மேல நம்பிக்கை இருக்கப்போய்த்தானே ஒன்னச் சேத்திருக்கேன். ஒன்ன மட்டும் விட்டா, ஒனக்கு ஒரு நெருக்கடி வாற அன்னைக்கு ஒன்னப் பிடிச்சு நிறுத்த ஆளு வேண்டாமா? மெர்சிக்கும் அப்படித்தான். ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் எதுவும் நடக்கும்ணு எழுதச் சொல்லிட்டேன். நான் போன பொறவு நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டாவது பேசிக்கிட்டு இருப்பீங்க.”

அவன் காப்பியைக் குடித்தான். கோபம் போகவில்லை. ஆனால் கையெழுத்துப் போட வந்தான்.

பத்திரத்தின் வரைவை வக்கீல் அம்மா வாசித்துக் காட்டியபோது நீ ஒரு பிரிவைச் சேர்க்கச் சொன்னாய். உமா இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்பது ஏற்கெனவே இருந்தது. தோட்டத்தை மட்டும், அவளுடைய நன்மைக்காக என்றால், அறங்காவலர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டு விற்கலாம். அதோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னாய்: அவள் வாழ்க்கையில் எந்தப் பெரிய முடிவு எடுப்பதானாலும் உமாவிடம் கேட்க வேண்டும், ஒரு நாள் கேட்டுவிட்டு, இன்னொரு நாள் மறுபடியும் கேட்க வேண்டும். வக்கீல் அம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். இப்படியெல்லாம் யாரும் எழுதுவதில்லை என்றார். நீ சிரிக்கவில்லை. “மொதல்ல கேக்கும்போ எனக்க மக நம்ம சந்தோசத்துக்குப் பதில் சொல்லுவா. ரெண்டாவது கேக்கும்போதான் அவளுக்க பதில் வரும்.” அவர் பேனாவை எடுத்து எழுதினார். அந்த இல்லத்தில் தலையாட்டியதையும், வாசலில் பஸ்ஸைக் கேட்டதையும் நீ எத்தனை நாள் மனதில் போட்டுப் புரட்டியிருப்பாய் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பதிவு செய்யப் போன அன்று சார்பதிவாளர் ஆபீஸில் கல்யாண மண்டபம்போலக் கூட்டம். உன்னைக் கேமரா முன்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள், பெருவிரலைக் கருவியில் வைக்கச் சொன்னார்கள். அப்புறம் எனக்கு, அப்புறம் ஆறுமுகத்துக்கு. உமா எழுந்து போய்த் தானாகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அவள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, படமும் தேவையில்லை. கம்ப்யூட்டரில் இருந்த பெண் நம்மைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கேமராவை உமாவின் பக்கம் திருப்பி, திரையையும் அவளுக்குத் தெரியும்படி வைத்தாள். உமா தன் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள்கூட முணுமுணுக்கவில்லை.

அன்றோடு வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். நீதான் தொடங்கினாய்.

ஒரு நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாய். “இன்னையிலேருந்து நான் செத்துப்போயிட்டேண்ணு வச்சுக்கிடுங்க. வீட்ட நீங்கதான் நடத்தணும். நான் ஒரு மூலையில இருப்பேன். எங்கிட்ட ஒண்ணும் கேக்கப்பிடாது.” ஆறுமுகம் என்னைப் பார்த்தான். இது என்ன விளையாட்டு என்று கேட்டேன். விளையாட்டு இல்லை, பழகிப் பார்க்கிறோம் என்றாய். உமாவுக்கும் சொல்லிவைத்திருந்தாய்: அம்மா செத்துப்போனால் எப்படி என்று பழகுகிறோம், எது வேண்டுமானாலும் சித்தியிடமோ மாமாவிடமோ கேட்க வேண்டும்.

முதல் மாதமே சறுக்கினோம். சமைத்து வைத்து உமாவோடு இருந்துகொள்ளத் தங்கத்துக்கு டிரஸ்டிலிருந்து சம்பளம் என்று பேசியிருந்தோம். கொடுக்க வேண்டிய ஆறுமுகம் மறந்துவிட்டான், அவன் கொடுத்திருப்பான் என்று நான் இருந்துவிட்டேன். தங்கம் வாய்விட்டுக் கேட்கிற ரகம் இல்லை. வராமல் நின்றுவிட்டாள். நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு ஒரு வார்த்தை போன் பண்ணாமல், உமா பொரித்துக் கொடுத்த அப்பளத்தையும் சோற்றையும் தின்றுகொண்டு இருந்திருக்கிறாய். நான் தற்செயலாக வந்தபோது சட்டியெல்லாம் கரி. ஆறுமுகம் ஓடிவந்து தங்கத்தின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டான். மறு மாதத்திலிருந்து சம்பளம் வங்கியிலிருந்தே தானாகப் போகும்படி செய்தோம். நீ மூலையிலிருந்து தலையை மட்டும் ஆட்டினாய்.

அப்புறம் உமாவுக்குப் பல்வலி வந்தது. கன்னம் வீங்கி, உன்னிடம்தான் ஓடிவந்தாள். நீ சித்திக்குப் போன் பண்ணு என்றிருக்கிறாய். அவள் அழுதிருக்கிறாள், கதவை உதைத்திருக்கிறாள், நீ கெட்ட அம்மா என்று கத்தியிருக்கிறாள். கடைசியில் எனக்குப் போன் வந்தது. பஸ் பிடித்து வந்து அவளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பல்லைப் பிடுங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் பதிந்துவிட்டது. திரும்பி வந்தபோது நீ கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். முகம் வீங்கியிருந்தது. உமா உன்னைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

“அவ அழுத அழுகைக்கு எழும்பி ஓடப் பாத்தேன் மெர்சி,” என்றாய். “கட்டில் சட்டத்தப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். பெத்து வளத்ததெல்லாம் ஒண்ணுமில்ல ட்டி. இதுதான் கஷ்டம்.”

போதும், நிறுத்திவிடுவோம் என்று நான் சொன்னேன். நீ கேட்கவில்லை. அடுத்த முறை சைக்கிள்காரன் மோதி முட்டியில் காயம் பட்டபோது, உமா உன் பக்கம் திரும்பாமல் நேராக ஆறுமுகத்துக்குப் போன் பண்ணினாள். நீ அதைப் பெருமையாக என்னிடம் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

நீ போனது மழைக்காலத்தில், ஒரு மத்தியான வேளையில். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, பின்வாசல் பக்கம் கட்டிலைப் போடச் சொல்லி, தோட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாய். ஆறுமுகம்தான் எல்லாம் செய்தான். சொந்தக்காரர்கள் நிறைந்த வீட்டில் நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றபோது, என்னை உமாவின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்ததும் அவன்தான். உமா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். எல்லோரும் அவளுக்கு விவரம் புரியவில்லை என்றார்கள்.

உன்னைக் கொண்டுபோன பிறகு, வீடு கழுவி ஈரமாகக் கிடந்தபோது, அவள் என் காதுக்குள் கேட்டாள்: “சித்தி, அம்மா நிசமாட்டு செத்துட்டாளா, இல்ல இன்னும் பழகுதாளா?”

பொய் சொல்ல எத்தனை வாய்ப்புகள் இருந்தன. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். “நிசமாட்டுத்தான் மக்கா,” என்றேன். அவள் கட்டில் கிடந்த இடத்தைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள். அவளுக்கு விவரம் புரிந்திருந்தது. நீ புரியவைத்துவிட்டுத்தான் போயிருந்தாய்.

நீ போன மறு வருஷம் ஆறுமுகம் ஒரு பேச்சைக் கொண்டுவந்தான். நாலு வழிச் சாலை வந்த பிறகு அந்தப் பக்கத்து நிலத்துக்கெல்லாம் விலை ஏறிவிட்டது. தோட்டத்தை ஒருவர் கேட்கிறார், பிச்சி விற்று வருவதைவிட வங்கி வட்டி நிறைய வரும், உமா வசதியாக இருப்பாள், அவளுக்கு வயதாகும்போது ஆஸ்பத்திரிச் செலவு கூடும் என்றான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அதில் லாபமும் இல்லை. எனக்கும் சரி என்றே பட்டது. உமாவிடம் கேட்போம் என்றேன்.

கேட்டோம். தோட்டத்தை விற்றுவிடலாமா என்று அவன் கேட்டதும், “சரி மாமா,” என்று சிரித்தாள். அவன் என்னைப் பார்த்தான். இன்னொரு நாள் மறுபடி கேட்க வேண்டுமே என்றேன். அவனுக்கு எரிச்சல் வந்தது. “அவளுக்கு என்ன தெரியும் மெர்சியக்கா? நீங்களும் அக்காவ மாதிரி ஆரம்பிச்சுட்டீங்களா?” எழுதியிருக்கிறதே என்று மட்டும் சொன்னேன். உனக்காகச் சண்டை போடுகிறேனா, பத்திரத்துக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, காலையிலேயே போனோம். தங்கமும் உமாவும் மொட்டுப் பறித்து முடித்து, ஈரத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவனே கேட்டான். கேள்வி முடிவதற்குள் உமா துணி முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்போ காலம்பற நான் எங்க போவேன் மாமா?”

ஆறுமுகம் கிணற்றுத் திட்டில் போய் உட்கார்ந்தான். உமா அவன் பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தாள். அவளுக்கு அது ஒரு கேள்வி, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, “எங்கயும் போவாண்டாம் மக்கா. இங்கயே வா,” என்றான். எழுந்து அந்தப் பூ மூட்டையை அவனே தூக்கி பைக்கில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனான். நிலம் கேட்டவரிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பேச்சு மறுபடி எழவில்லை. அந்தக் கோடையில் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டான்.

அதன்பிறகு எங்களுக்குள் சண்டை இல்லை என்று நினைத்துவிடாதே. மாதம் ஒருமுறை கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் ஏதாவது ஒன்றுக்கு முட்டிக்கொள்வோம். நீ சொன்னதுபோலப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். என் பேரனுக்கு முதல் பிறந்தநாள் வந்தபோது, சபைப் பெரியவர்களுக்கு முன்னால் ஆறுமுகம்தான் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சுற்றினான்.

என் முட்டி வலி கூடிவிட்டது. பஸ் ஏறுவதே பாடாக இருக்கிறது. எனக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும் என்று வக்கீல் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ஆறுமுகத்தின் மகள் கவிதா வங்கியில் வேலை பார்க்கிறாள். அவள் தானாக வந்து, நான் இருக்கிறேன் அத்தை என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளை உமாவிடம் கூட்டிப்போனேன். உமா அவளை மேலும் கீழும் பார்த்தாள். உனக்குத் தேங்காய் உடைக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றாள் கவிதா. வா என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டாள். நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைக் கூப்பிடவே இல்லை. முதலில் கொஞ்சம் குத்தியது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் அந்த நாற்காலியிலேயே சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

அறங்காவலர் கையில் இருப்பதில் ஒரு துரும்பும் அவருடையது ஆகாது என்று வக்கீல் அம்மா அன்றைக்குச் சொன்னார். வீடு உமாவுடையது, தோட்டம் அவளுடையது. ஒன்று மட்டும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் உமா எனக்குப் போன் பண்ணுகிறாள். நீ சொல்லிக் கொடுத்ததா, அவளாகத் தொடங்கியதா தெரியவில்லை. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. காலையில் என்ன தின்றாள், மத்தியானம் என்ன கூட்டு, தங்கத்தின் கோழி எங்கே முட்டையிட்டது என்று வரிசையாகச் சொல்வாள். நான் என்ன தின்றேன் என்று கேட்பாள். மீன் என்று சொன்னால், “சீ” என்பாள், உன் குரலில்.

வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. அடுக்களையில் வெங்காயம் பாதி நறுக்கியபடி கிடக்கிறது. போன் அடிக்கிறது, எடுக்கப் போகிறேன்.